பொலிஸ்மா அதிபருக்கும் சட்டமா அதிபருக்கும் மலையகத்திலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பொலிஸ்மா அதிபர் அவர்களுக்கும், சட்டமா அதிபர் அவர்களுக்கும், குற்றத்தால் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் தேசிய அதிகாரசபைக்கும்,

எங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தின் சிறுவர், பெண்கள் பிரிவில் தமிழ் பேசிய ஒரே பெண் கான்ஸ்டபிள் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். அவருடைய இடத்துக்கு வந்தவருக்குத் தமிழ் தெரியாது. பாலியல் வன்முறையாலும் வீட்டு வன்முறையாலும் பாதிக்கப்பட்டவர்களை, அவர்களின் மனவடுவைப் புரிந்துகொண்டு விசாரிக்கப் பயிற்சி பெற்ற, தமிழ் தெரிந்த ஒருவரை அனுப்பும்படி தோட்டத்துப் பெண்கள் சேர்ந்து கையெழுத்து வைத்துக் கடிதம் கொடுத்தோம். வாய்மொழியாகத்தான் பதில் வந்தது: "முறைப்பாடு எழுத யாராவது ஒருவர் இருந்தால் போதும்தானே." அதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்க முடியாததால் எழுதுகிறேன்.

நான் தோட்டத்தில் பிறந்தவள். தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். பொலிஸுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கோட்டுக்கும் போகவேண்டி வருகிற பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் துணையாகப் போகிறேன். சட்டம் படித்ததில்லை. ஆனால் விசாரணை நடக்கும்போது அந்த வாங்கில் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். "யாராவது ஒருவர்" எழுதினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பத்தொன்பது வயது. அந்தித் தேயிலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டுக் குறுக்குப் பாதையால் வீட்டுக்கு வரும்போது அவள் பாலியல் வன்முறைக்கு ஆளானாள். மறுநாள் காலையில்தான் அம்மாவிடம் சொன்னாள். பொலிஸுக்குப் போனோம். அடையாள அட்டையைத் தொலைத்தவர், வேலித் தகராறுக்கு வந்தவர், இவர்களெல்லாம் நிற்கிற மேசைக்கு முன்னாலேயே அவளையும் நிறுத்திக் கேட்டார்கள். கேட்டவருக்குத் தமிழ் தெரியாது. வெளியே நின்ற ஆட்டோக்காரரைக் கூப்பிட்டு மொழிபெயர்க்கச் சொன்னார்கள். அவர் எங்கள் டிவிஷனுக்கு ஹயர் ஓடுகிறவர், அவளுடைய அப்பாவுக்குப் பழக்கமானவர். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவள் எதைச் சொல்வாள்? பாதியைச் சொன்னாள். அந்தப் பாதி அன்று பின்னேரமே மேல்லயத்து வரிசை வீடுகள் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

எத்தனை மணி என்று கேட்டார்கள். தேயிலைப் பெக்டரிச் சங்கு ஊதியதுக்கு அப்புறம் என்றாள். தோட்டத்தில் பிறந்தவர்கள் நேரத்தை அப்படித்தான் சொல்வோம். அது போதவில்லை. மணி சொல்லு என்று மறுபடியும் கேட்டார்கள். அவளுக்குத் தெரியவில்லை. எழுதியவர் தானாகவே ஆறரை என்று போட்டுக்கொண்டார். ஏன் கத்தவில்லை, ஏன் ஓடவில்லை, ஏன் நேற்றே வரவில்லை என்று அடுத்தடுத்துக் கேட்டார்கள். அவள் அழுதாள். கடைசியில், தனக்கு வாசிக்கத் தெரியாத சிங்கள எழுத்துக்குக் கீழே கையெழுத்து வைத்துவிட்டு வந்தாள்.

பல வருடங்கள் கழித்து மேல் நீதிமன்றத்தில் அந்தத் தாள் திரும்பி வந்தது. "பொலிஸில் ஆறரை என்றீர்கள், இன்றைக்கு நன்றாக இருட்டிவிட்டது என்கிறீர்கள், எது உண்மை?" "கழுத்தைப் பிடித்ததாக அன்றைக்குச் சொல்லவில்லையே, இப்போது எங்கிருந்து வந்தது?" 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110ஆம் பிரிவின் கீழ் பொலிஸாருக்குக் கொடுக்கிற வாக்குமூலத்தை, சாட்சி முன்பு வேறுவிதமாகச் சொன்னார் என்று காட்டுவதற்குப் பயன்படுத்தலாம். எதிரித் தரப்புச் சட்டத்தரணி அதைத்தான் செய்தார். அவரை நான் குறை சொல்லவில்லை, அது அவர் தொழில். அந்தத் தாளை அப்படி எழுதி அவர் கையில் கொடுத்தது அரசாங்கம். என் முறைப்பாடு அதுதான். அந்த வழக்கைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன். அவள் இந்த மலையில்தான் வாழ வேண்டும்.

ஐயா, அம்மா, பயத்தில் விறைத்துப்போன உடம்பு கத்தாது. "ஒடம்பு வெறச்சிருச்சு பெரியம்மா, கை கால் ஏங்கூட இல்ல" என்று அவள் என்னிடம் சொன்னாள். அவள் ஏதோ புதிதாகச் சொல்லிவிடவில்லை. ஸ்டொக்ஹோமில் பாலியல் வன்முறைக்குப் பிறகு அவசரச் சிகிச்சைக்கு வந்த 298 பெண்களிடம் செய்து 2017இல் வெளியான ஆய்வில், அவர்களில் 70 வீதமானவர்கள் சம்பவ நேரத்தில் குறிப்பிடத்தக்க அளவு உடம்பு உறைந்துபோனதாகச் சொல்லியிருக்கிறார்கள். எதிர்த்துப் போராடாமல் இருந்தது சம்மதம் ஆகாது என்பதை நம் சட்டமும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. 1995இல் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 363ஆம் பிரிவின் விளக்கம், சம்மதமின்மையை நிரூபிக்க உடலில் காயம் போன்ற எதிர்ப்பின் அடையாளங்கள் இருக்கவேண்டிய அவசியம் இல்லை என்று தெளிவாகச் சொல்கிறது. அப்படியிருக்க இன்றைக்கும் முறைப்பாட்டு மேசையில் முதல் கேள்வி காயம் எங்கே என்பதுதான்.

நினைவும் அப்படித்தான். உயிர்ப்பயம் வரும்போது மூளையில் ஆபத்தை உணர்கிற அமிக்டலா முந்திக்கொள்கிறது. நடந்ததை வரிசைப்படுத்தி, நேரம் காலம் போட்டு வைக்கிற ஹிப்போகம்பஸ் தடுமாறிப்போகிறது. அதனால் ஒரு வாசனை, ஒரு சத்தம், ஒரு சட்டை நிறம் அழியாமல் நிற்கலாம், மணியும் வரிசையும் நிற்காமல் போகலாம். பிரட்டுக்களத்தில் பேர் கூப்பிடுகிற ஒழுங்கில் அந்த நினைவுகள் வந்து நிற்பதில்லை. இரண்டு தடவை தூங்கி எழும்பிய பிறகு, முதல் நாள் சொல்லாத ஒன்று ஞாபகத்துக்கு வரலாம். சிலர் கண்ணீரே இல்லாமல், யாருக்கோ நடந்தது போல ஒரே குரலில் சொல்வார்கள். இது தெரியாத அதிகாரிக்கு இவை எல்லாமே பொய்யின் அடையாளமாகத் தெரிகிறது. தெரிந்த அதிகாரி இவற்றைச் சாட்சியமாக எடுப்பார்.

மனவடுவைப் புரிந்துகொண்டு விசாரிப்பது என்றால், வருகிறவர் சொல்வதையெல்லாம் நம்பிவிடுவது என்று சில அதிகாரிகள் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். நான் அதைக் கேட்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நியாயமான விசாரணை வேண்டும். ஏன், எத்தனை மணி, எத்தனை தடவை என்று அடுக்காமல், "சரி, உங்களுக்கு எது ஞாபகம் வருகிறதோ அங்கிருந்து சொல்லுங்கள், அவசரம் இல்லை" என்று கேட்டிருந்தால் அந்தப் பெண் சொல்லியிருப்பாள்: சங்கு ஊதியது, பெக்டரியில் கொழுந்து வாட்டுகிற விசிறி சத்தம் கேட்டது, கொழுந்து லொறி மேலே ஏறிக்கொண்டிருந்தது. இவை எல்லாமே சோதித்துப் பார்க்கக்கூடியவை. சங்கு எத்தனை மணிக்கு ஊதும் என்று பெக்டரியில் கேட்டாலே தெரியும். லொறி எப்போது வந்தது என்று பதிவுப் புத்தகம் சொல்லும். யாரும் போய்க் கேட்கவில்லை. பயிற்சி இல்லாததால் அவளுடைய மானம் போனது மட்டுமில்லை, விசாரணைக்குக் கிடைத்திருக்கவேண்டிய சாட்சியமும் போனது.

பிள்ளைகளின் நிலை இதைவிட மோசம். ஒரு சிறுமி தனக்கு நடந்ததை முதலில் அம்மாவிடம் சொல்கிறாள். அப்புறம் டீச்சர், அதிபர், பொலிஸ், சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், நன்னடத்தை உத்தியோகத்தர், வார்ட்டு டாக்டர், சட்ட வைத்திய அதிகாரி, நீதவான். இவ்வளவும் முடிந்து, அவள் வளர்ந்த பிறகு மேல் நீதிமன்றத்தில் இன்னொரு தடவை. ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து. ஒவ்வொரு நாளும் அம்மாவுக்கு வேலைக்கான பேர் பதிவு இல்லை, சம்பளம் இல்லை. பிள்ளையின் முதல் வாக்குமூலத்தை வீடியோவில் பதிவுசெய்து நீதிமன்றத்தில் சாட்சியமாகக் கொடுக்க 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சாட்சிய விசேட ஏற்பாடுகள் சட்டம் வழி செய்திருக்கிறது. நான் துணை போன எந்தப் பிள்ளைக்கும் அது கிடைக்கவில்லை. இப்படி ஒரு சட்டம் இருக்கிறது என்று அந்தப் பெற்றோருக்கு யாரும் சொல்லவும் இல்லை.

வீட்டுக்குள் அடிவாங்குகிற பெண்கள் பொலிஸுக்கு வந்தால் நடப்பது வேறு கதை. புருஷனைக் கூப்பிட்டு நாலு ஏச்சு ஏசி, சில நேரம் ஒரு அறையும் விட்டு, இருவரையும் ஒரே வாங்கில் உட்காரவைத்துச் சமாதானமாகப் போகச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரும் பக்கத்தில் நின்று தலையாட்டுவார். அந்த அறைக்கான பதிலை இரவில் அவள்தான் வாங்குகிறாள். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி பாதிக்கப்பட்டவருக்காகப் பொலிஸ் அதிகாரியே நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்டு விண்ணப்பிக்கலாம். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் எடுத்த ஆய்வின்படி, துணைவரோடு வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் வாழ்நாளில் ஒரு தடவையாவது அந்தத் துணைவரின் உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறார். இவ்வளவு பேருக்குத் தேவைப்படுகிற ஒரு சட்டத்தை முறைப்பாட்டு மேசையில் இருப்பவர் பாவிக்கப் பழகவில்லை என்றால் அது யாருடைய குறை?

சட்டமா அதிபர் அவர்களே, உங்கள் திணைக்களத்தையும் கேட்கிறேன். வழக்கு நாளன்று காலையில், நீதிமன்றத்து நடைபாதையில், கோப்பைக் கையில் வைத்துக்கொண்டு அரச சட்டத்தரணி முதன்முதலாக அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கிறார். அடுத்த தவணைக்கு வேறொருவர் வருகிறார். அவருக்கும் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும், பெரும்பாலும் மொழி தெரிந்த யாரோ ஒருவர் மூலமாக. எதிரியும் அவன் உறவுகளும் அதே நடைபாதையில் நிற்கிறார்கள், அதே பஸ்ஸில் ஊர் திரும்புகிறார்கள். குறுக்கு விசாரணையில் அவளைக் கேவலப்படுத்தும் கேள்வி வரும்போது எழுந்து நின்று ஆட்சேபிக்க வேண்டியவர் உங்கள் சட்டத்தரணிதான். அவர் பேசாமல் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவருக்கு அக்கறை இல்லை என்று நான் நினைக்கவில்லை. தன் சாட்சி ஏன் தடுமாறுகிறாள் என்று அவருக்கும் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

வேறு மாதிரியும் நடக்கலாம் என்பதற்கும் என்னிடம் சாட்சி இருக்கிறது. தீக்காயத்தோடு கிடந்த ஒரு பெண்ணுக்கு 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிட்டோம். தோட்டப் பாதை உடைந்து கிடந்ததால் லயம் வரை வண்டி வரவில்லை, கம்பளியில் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போனோம். வந்த பையனுக்குக் கொஞ்சத் தமிழ்தான். ஆனால் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும், "அம்மா, இப்ப கையைப் பிடிக்கிறேன், சரியா?" என்று கேட்டார். கூட்டத்தைத் தள்ளி நிற்கச் சொன்னார். போனில் படம் எடுத்தவனைத் தடுத்தார். எப்படி நடந்தது என்று அந்த இடத்தில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வண்டிக்குள் ஏறிய பிறகு அவளாகவே சொன்னாள். அவருக்கு யாரோ ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சில ஆஸ்பத்திரிகளில், வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவுவதற்கென்று இருக்கிற நட்பு நிலையங்களிலும் இதே கவனத்தைப் பார்த்திருக்கிறேன். கதவைச் சாத்திவிட்டு, தண்ணீர் கொடுத்து, கேட்கட்டுமா என்று கேட்டுவிட்டுக் கேட்கிறார்கள். ஆனால் வேறோர் ஆஸ்பத்திரியில், இரத்தம் வழிந்துகொண்டிருந்த ஒருத்தியிடம், முதலில் பொலிஸுக்குப் போய்விட்டு வா என்றும் சொன்னார்கள். ஒரு பெண்ணுக்கு எந்தக் கதவு வாய்க்கும் என்பது அவளுடைய அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது.

மண்சரிவையும் இதோடு சேர்த்தே சொல்லவேண்டியிருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை இந்த மலையில் யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நாட்டில் 600க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை மலைகள் சரிந்தன. அந்த நாட்களில் பாடசாலை முகாம் ஒன்றில், பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்த ஒரு தாயிடம், எல்லோரும் பார்த்திருக்க, "உங்கள் வீட்டில் இறந்தவர்கள் எத்தனை?" என்று படிவத்தை நீட்டினார்கள். பிள்ளை இறந்துவிட்டது என்று அதுவரைக்கும் அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. உலக சுகாதார அமைப்பு மற்ற நிறுவனங்களோடு சேர்ந்து 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூல் சொல்வது மூன்றே வேலைகள்: நிலைமையைப் பார், காதுகொடுத்துக் கேள், தேவையான உதவியோடு இணைத்துவிடு. சில நாட்களில் பழக்கிவிடக்கூடிய விஷயம் அது.

அந்த மண்ணைக் கையால் தோண்டிய பொலிஸ்காரப் பையன்களையும், இராணுவப் பையன்களையும் நினைக்கிறேன். இருபது, இருபத்திரண்டு வயது. சின்னப் பிள்ளையின் உடலைத் தூக்கிய கையோடு அடுத்த சரிவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களிடம் யார் பேசினார்கள்? தன்னுடைய பயத்தை விழுங்கப் பழகியவர்தான் அப்புறம் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, அழுகிற பெண்ணைப் பார்த்து எரிச்சல்படுகிறார். பயிற்சி வேண்டும் என்று நான் கேட்பது அவர்களுக்காகவும்தான்.

கண்ணியத்தோடும் அந்தரங்கத்தை மதித்தும் நடத்தப்படுவது பாதிக்கப்பட்டவரின் உரிமை என்று பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் 2015ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டமே சொல்லிவிட்டது. அதற்குப் பதிலாக 2023இல் 10ஆம் இலக்கச் சட்டம் வந்தது. தமிழ் அரச கரும மொழி. சட்டம் போதவில்லை என்று நான் எழுதவில்லை. அந்தச் சட்டத்தைக் கையில் எடுக்கவேண்டியவரைப் பழக்குங்கள் என்று எழுதுகிறேன். ஆகவே கேட்கிறேன்:

பொலிஸ்மா அதிபர் அவர்களே, தமிழ் பேசும், இந்தப் பயிற்சி பெற்ற ஒரு பெண் அதிகாரியை எங்கள் நிலையத்துக்கு இந்த மாதத்துக்குள் அனுப்புங்கள். நுவரெலியா, பதுளை, கண்டி, மாத்தளை, இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தோட்ட மக்கள் போகிற எல்லா நிலையங்களுக்கும் அப்படி ஒருவர் வேண்டும். அதுவரைக்கும் சத்தியப்பிரமாணம் செய்த பெண் மொழிபெயர்ப்பாளர்களைத் தொலைபேசியிலாவது கிடைக்கச் செய்யுங்கள். வழியில் நிற்கிறவரை, பக்கத்துக் கடைக்காரரை, பாதிக்கப்பட்டவளின் சொந்தப் பிள்ளையை மொழிபெயர்க்கக் கூப்பிடுவதைச் சுற்றறிக்கை போட்டு நிறுத்துங்கள்.

வாக்குமூலத்தைக் கதவு உள்ள ஓர் அறையில் எடுக்க வேண்டும். சொன்ன மொழியிலேயே எழுதி, வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். சில நாட்கள் கழித்து மேலதிகமாக ஞாபகம் வந்ததைச் சொல்ல வந்தால் திருப்பி அனுப்பாமல் மேலதிக வாக்குமூலமாகப் பதிய வேண்டும். சிகிச்சை தேவைப்படுகிறவரை முதலில் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். வாக்குமூலம் காத்திருக்கலாம்.

பயிற்சியை களுத்துறைப் பொலிஸ் கல்லூரியின் பாடத்திட்டத்திலேயே சேருங்கள். ஏற்கெனவே சேவையில் இருப்பவர்களுக்கு ஹட்டனிலும் பண்டாரவளையிலும் தமிழிலும் சிங்களத்திலும் நடத்துங்கள். ஹோட்டலில் ஒரு நாள் கூட்டி, சான்றிதழும் சாப்பாடும் கொடுத்து அனுப்புவதைப் பயிற்சி என்று நாங்கள் ஏற்கமாட்டோம். கேள்வி கேட்டுப் பழக வேண்டும், பழகியதை இன்னொருவர் பார்த்துத் திருத்த வேண்டும், ஆறு மாதம் கழித்து அவர்கள் எழுதிய வாக்குமூலங்களை எடுத்துப் பார்க்க வேண்டும். பொறுப்பதிகாரி மட்டும் வந்தால் போதாது. முறைப்பாட்டு மேசை சார்ஜனும், 119 அவசர அழைப்பை எடுப்பவரும், ஜீப் ஓட்டுகிறவரும் வர வேண்டும், ஏனென்றால் அவள் முதலில் பார்ப்பது அவர்களைத்தான். சட்ட வைத்திய அதிகாரிகளும் உளநல வைத்தியர்களும் கற்பிக்கட்டும். விரும்பி முன்வருகிற தோட்டப் பெண்களையும் கற்பிக்க அழையுங்கள், அவர்களுக்கு அன்றைய சம்பளத்தைக் கொடுங்கள். மண்சரிவில் வேலைசெய்த ஒவ்வொருவருக்கும் உளநல ஆலோசனையைக் கடமை நேரத்துக்குள்ளேயே கொடுங்கள்.

சட்டமா அதிபர் அவர்களே, பாலியல் குற்ற வழக்குகளையும் சிறுவர் வழக்குகளையும் நடத்துகிற ஒவ்வொரு அரச சட்டத்தரணிக்கும் இதே பயிற்சியைக் கட்டாயமாக்குங்கள். முடிந்தவரை ஒரு வழக்குக்குக் கடைசி வரை ஒரே சட்டத்தரணியைப் போடுங்கள். அவர் வழக்கு நாளுக்கு முன்பே, மொழிபெயர்ப்பாளரோடு, பாதிக்கப்பட்டவரைச் சந்திக்க வேண்டும். பிள்ளைகளின் வாக்குமூலத்தை வீடியோவில் பதிவுசெய்ய மலையகத்துக்குள்ளேயே, தமிழில், ஓர் இடம் வேண்டும்.

தேசிய அதிகாரசபைக்கு: மலையக நீதிமன்றங்களில் சாட்சிகளுக்குத் தனிக் காத்திருப்பு அறை வேண்டும். வழக்குக்கு வரும் பெண்ணுக்குப் பஸ் காசும், அன்றைக்கு இழக்கிற நாட்சம்பளமும் கிடைக்க வழி செய்யுங்கள்.

இவற்றில் எதை, எந்தத் திகதிக்குள் செய்வீர்கள் என்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் பதில் தாருங்கள். தமிழில் எழுதியவளுக்குத் தமிழில் பதில் கிடைப்பது அரசியலமைப்பு தந்திருக்கிற உரிமை. வருகிற பதிலைத் தோட்டத்துப் பெண்கள் எல்லோருக்கும் வாசித்துக் காட்டுவேன்.

இப்படிக்கு,
பொலிஸுக்கும் கோட்டுக்கும் பெண்களோடு துணை போகும் ஓய்வுபெற்ற பிள்ளை மடுவப் பணியாளர்,
நுவரெலியா மாவட்டம்